இந்த அவசரம் யாரோடது? ஒரு சோலியில எறங்குததுக்கு முன்னால பாக்க வேண்டியது

கையெழுத்துப் போட பேனாவ எடுக்கும்போதோ, ஒருத்தன்கிட்ட நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுரணும்னு வாய் துடிக்கும்போதோ, போன்ல துட்டு அனுப்புத பட்டன் மேல விரல வைக்கும்போதோ ஒரு கேள்விய கேட்டுப் பழகிக்கோங்க. இந்த அவசரம் யாரோடது? இப்பவே செய்யணும்னு ஏதோ ஒண்ணு நம்மள தள்ளுதுல்லா, அது எங்க இருந்து வருது, விக்கவன்கிட்ட இருந்தா, நம்ம கோவத்துல இருந்தா, நாலு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்களேங்குத வெக்கத்துல இருந்தா, இல்ல நெசமாவே ஆத்துல தண்ணி ஏறுதா, ஒடம்புல விஷம் ஏறுதா. மொத மூணும்னா பைய போகலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. கடைசி ரெண்டும்னா ஓடணும், யோசிக்க ஒக்காந்தா ஆள் போயிரும்.

நிதானம்னா எல்லாத்தையும் மெதுவா செய்யுததுன்னு நம்ம பக்கம் நெறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, சட்டுன்னு முடிவெடுக்கவன பாத்தா பெரிய தைரியசாலின்னும் சொல்லுதாங்க. ரெண்டையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஏன்னு கீழ ஒவ்வொண்ணா எழுதுதேன், உங்களுக்கு எது தேவையோ அத எடுத்துக்கோங்க.

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரிய தாமிரபரணிக் கரையில இருக்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, அன்னைக்கு திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கெளம்புன எக்ஸ்பிரஸ ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நிப்பாட்டிட்டாங்க. உள்ள சுமார் 800 பேரு. சாமி கும்பிட்டுட்டு திரும்புதவங்க, கைப்பிள்ளைக்காரங்க, மறுநாள் வேலைக்குப் போயாகணும்ங்குதவங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அவசரம் இருந்திருக்கும். ஆனா முன்னால செய்துங்கநல்லூர் போற பாதையில தண்டவாளத்துக்கு அடியில கெடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரிச்சுட்டுப் போயி, தண்டவாளம் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சனம் ரெண்டு நாள் சிரமப்பட்டாங்க, பக்கத்து ஊர்க்காரங்கதான் சோறு பொங்கிக் கொடுத்தாங்க, 19ஆம் தேதி மீட்பு நடந்துச்சு. எல்லாரும் உயிரோட வீடு போயிச் சேர்ந்தாங்கன்னா அந்த ரயில நிப்பாட்டுன முடிவுதான் காரணம்.

அந்த முடிவுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, அத நாமளும் போட்டுப் பழகணும். நிப்பாட்டுதோம், பாதை நல்லா இருந்துச்சுன்னு அப்புறம் தெரியவருது, என்ன நட்டம்? கொஞ்சம் வசவு, கொஞ்சம் தாமதம். போறோம், பாதை இல்ல, என்ன நட்டம்? இந்த ரெண்டு நட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே முக்கால்வாசி முடிவு தன்னால தெளிஞ்சிரும், அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஆனா அந்த நேரத்துல நினைச்சுப் பாக்கணும், அதுதான் கஷ்டம்.

இப்ப எடம் வாங்குத விஷயத்துக்கு வருவோம், நம்ம ஊர்ல ஒரு குடும்பத்தோட மொத்த சேமிப்பும் ஒரே நாள்ல கைய விட்டுப் போறது பெரும்பாலும் இங்கதான். "அண்ணாச்சி, சாயந்திரம் வேற பார்ட்டி வருது, அவுக மொத்தப் பணத்தோட ரெடியா இருக்காவ, நீங்க நம்ம ஆளுங்கதால முதல்ல சொன்னேன், ஒரு அம்பதாயிரம் டோக்கன் மட்டும் போட்டு வைங்க" இந்தப் பேச்ச பாளையங்கோட்டைல இருந்து வள்ளியூர் வரைக்கும் எந்தப் புரோக்கர்கிட்டயும் கேக்கலாம். இதுல அவசரம் யாரோடது? முழுக்க அவரோடது. நெலம் அங்கனதான் கெடக்கு, எங்கயும் ஓடப் போறதில்ல. அதனால செய்ய வேண்டியது, சர்வே நம்பரும் உட்பிரிவு நம்பரும் எழுதி வாங்கிக்கோங்க, "ரெண்டு நாள்ல சொல்லுதேன்"னு சொல்லிட்டு வந்துருங்க, அந்த ரெண்டு நாள் பொறுக்க முடியாதுன்னு சொன்னா அந்த எடமே நமக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிக்கோங்க, அதுக்கு வருத்தமே படக்கூடாது.

அந்த ரெண்டு நாள்ல பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் (அந்த எடத்து மேல இதுக்கு முன்னால பதிவான பத்திரங்களோட விவரம்) பாருங்க, காசில்லாமலே பாக்கலாம், ஒரு 30 வருஷத்துக்காவது பின்னால போகணும். பட்டா யாரு பேர்ல இருக்கு, பத்திரத்துல இருக்க பரப்பும் பட்டாவுல இருக்க பரப்பும் ஒத்துப்போகுதா, வரைபடத்துல பாதை காட்டிருக்கா. வில்லங்கத்துல ஒண்ணும் இல்லன்னு வந்தவுடனே நிம்மதியாயிர வேண்டாம், பதிவு பண்ணுன பத்திரம் மட்டும்தான் அதுல வரும். பதிவு பண்ணாத பாகம், கோர்ட்ல கெடக்க கேசு, வாய்ச் சொல்லா பிரிச்சுக்கிட்ட சொத்து இதெல்லாம் அதுல தெரியாது. முக்கியமா விக்கவரோட கூடப்பொறந்த அக்கா தங்கச்சிமாரு, பூர்வீகச் சொத்துன்னா 2005ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தப்படி பொம்பளப்பிள்ளைகளுக்கும் ஆம்பளப்பிள்ளைக்கு இருக்க அதே பங்கு இருக்கு, "அதெல்லாம் கெட்டிக்கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு, கேக்க மாட்டாவ"ங்குத பேச்ச நம்பி பணத்தக் கொடுத்துராதீங்க, வாரிசுச் சான்று வாங்கிப் பாத்து அத்தன பேரு கையெழுத்தும் வருதான்னு உறுதி பண்ணணும். பவர் (சொந்தக்காரருக்குப் பதிலா விக்கதுக்கான அதிகாரப் பத்திரம்) வாங்குனவரு விக்காருன்னா பவர் கொடுத்தவரு உயிரோட இருக்காரா, பவர ரத்து பண்ணிட்டாரான்னு அவரு வீட்டுக்கே போயி கேளுங்க, போன்ல கேட்டா பத்தாது.

அப்புறம் எடத்துல நடந்து பாருங்க, வெயில் நேரத்துல ஒரு தடவ போனா பத்தாது, முடிஞ்சா மழை பேஞ்ச மறுநாள் போங்க. பக்கத்து வயக்காரர்கிட்ட, எதுத்த டீக்கடைல, வெள்ளத்தப்போ இங்க தண்ணி எம்புட்டு நின்னுச்சுன்னு கேளுங்க, 2023ல தண்ணி பழைய கொளத்தையும் ஓடையையும் தேடித்தான் போச்சு, பிளாட்டு போட்ட கல்லப் பாத்து அது ஒதுங்கிப் போகல. பேசி முடிச்சாச்சுன்னா கிரைய ஒப்பந்தத்த பதிவு பண்ணிருங்க, வெள்ளைத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி வச்சு பீரோவுல வச்சுக்கிட்டா அது உங்களக் காப்பாத்தாது, அட்வான்ஸ பேங்க் வழியாவே கொடுங்க. கிரையப் பத்திரம் பதியும்போது பொதுவா முத்திரைத்தாள் 7 சதவீதம் பதிவுக்கட்டணம் 2 சதவீதம்னு இதுக்கு மட்டும் நூத்துக்கு 9 ரூவா ஆகும், அதையும் சேத்துக் கணக்குப் பாக்காம "எப்படியாவது பொரட்டிரலாம்"னு எறங்குனவங்க கடைசில பொண்டாட்டி தாலிச்செயின வரைக்கும் அடகு வைக்காங்க.

ஜாமீன் கையெழுத்து இதவிட சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா குடும்பத்துக்குள்ள வர்றதால பதில் சொல்லுதது இன்னும் கஷ்டம். அத்தான் வந்து திண்ணைல ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே "மாப்ள, சும்மா பேருக்குத்தான், ஒரு கையெழுத்துப் போட்ருங்க"ன்னு கேப்பாரு. சட்டத்துல "சும்மா பேருக்கு"ன்னு ஒரு ஜாமீனே கெடையாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவுப்படி, பத்திரத்துல வேற மாதிரி எழுதிருந்தா ஒழிய, கடன் வாங்குனவருக்கு எம்புட்டு பொறுப்போ அம்புட்டு பொறுப்பும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு, பேங்க்காரன் முதல்ல அவருகிட்ட கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு கூட கட்டாயம் இல்ல. அதனால ஒங்களுக்குள்ளயே ஒண்ணு கேட்டுக்கோங்க, இந்தக் கடன் முழுசும் என் தலையில விழுந்தா எம் பிள்ளைக படிப்பு நிக்காம என்னால கெட்ட முடியுமா? முடியும்னா தாராளமா போடுங்க, சொந்தத்துக்கு ஒதவுதது நல்ல காரியம்தான். முடியாதுன்னா திண்ணைல வச்சு பதில் சொல்லாதீங்க, "வீட்ல கலந்துக்கிட்டு நாளைக்கு சொல்லுதேன் அத்தான்"னு சொல்லுங்க, மறுநாள் நீங்களே நேர்ல போயி, கையெழுத்து முடியாது, ஆனா என்னால இம்புட்டு ரூவா தர முடியும், திருப்பித் தரலன்னாலும் பரவாயில்லன்னு கொடுத்துட்டு வந்துருங்க. ஒரு நாள் மொகம் கோணும், அம்புட்டுத்தான்.

தொகை எழுதாத செக்குல கையெழுத்துப் போட்டு யாருகிட்டயும் கொடுக்காதீங்க. செக்கு திரும்புச்சுன்னா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல செக்குத் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமேன்னு இருக்கு. "நான் தொகை எழுதல, அவன்தான் எழுதிக்கிட்டான்"னு சொன்னா மட்டும் அதுல இருந்து தப்ப முடியாது.

கோவத்தப் பத்தி எழுதாம இத முடிக்க முடியாது. நம்ம ஊர்க்காரன் பாசத்துக்கும் பேரு வாங்குனவன், கோவத்துக்கும் பேரு வாங்குனவன். வரப்பு ஓரமா ஒரு சாண் மண்ணு, பஸ்ஸுல ஒரு சீட்டு, கோயில் கொடைல யாருக்கு முதல்ல பரிவட்டம்ங்குத பேச்சு, இப்படி ஆரம்பிச்சு அருவா வரைக்கும் போயி, ஒருத்தன் சுடுகாட்டுக்கும் இன்னொருத்தன் பாளையங்கோட்டை ஜெயிலுக்கும் போன குடும்பங்க நம்ம சுத்துவட்டாரத்துல இல்லாத ஊரு இல்ல. ஜெயிலுக்குப் போனவன் வீட்டுப் பிள்ளையும் செத்தவன் வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்துல படிக்கும், அதுகளப் பாத்தா நெஞ்சு ஆறாது. இங்க தள்ளுதது பெரும்பாலும் கூட நிக்க கூட்டம்தான், "என்னலே, இம்புட்டு சொல்லுதான், கேட்டுக்கிட்டு நிக்க?"ன்னு ஏத்தி விடுதவன் ராத்திரி அவன் வீட்டுல போயி நிம்மதியா தூங்குவான். அதனால கோவம் தலைக்கு ஏறுதுன்னு தெரிஞ்ச ஒடனே அந்த எடத்த விட்டு நகந்துருங்க, பேசி ஜெயிக்கப் பாக்காதீங்க, பதில் எதுவும் சொல்லாதீங்க, காலு மட்டும் நடக்கட்டும். கூட ஒரு நல்ல கூட்டாளி இருந்தா அவன்கிட்ட முன்னாலயே சொல்லி வைங்க, நான் சத்தம் கூட்டுனா என்னைய இழுத்துட்டுப் போயிருன்னு. பெரியவங்களுக்கு இன்னொண்ணு, ஒங்க வீட்டு எளவட்டப் பையன் சண்டைல இருந்து ஒதுங்கி வந்தான்னா "பயந்துட்டு வந்துட்டியால"ன்னு மட்டும் கேட்டுராதீங்க, தட்டுல சோத்தப் போட்டு தலையத் தடவிக் கொடுங்க.

போன்ல வர்ற கோவம் தனி. குடும்ப குரூப்புல சித்தப்பா ஏதோ எழுதிட்டாரு, மைனி ஏதோ ஸ்டேட்டஸ் வச்சுட்டாவன்னு ராத்திரி பதினோரு மணிக்கு பதில் அடிக்காதீங்க. அடிச்சே ஆகணும்னா குரூப்புக்குள்ள அடிக்காம வேற எடத்துல, நோட்ஸ்ல எழுதி வைங்க, காலைல பல்லு வெளக்கிட்டு படிச்சுப் பாருங்க. வாட்ஸ்அப்புல அனுப்புனத திருத்த 15 நிமிஷம்தான் நேரம், அழிக்க ரெண்டு நாளுக்கு மேல நேரம் இருக்குன்னாலும் அதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் ஊரச் சுத்திரும். வாய்ஸ் நோட்டு அனுப்பவே வேண்டாம், எழுத்தவிட அது நூறு மடங்கு குத்தும், ஒங்க கொரலு ஒங்க கோவத்தோட அவுக போன்ல அப்படியே கெடக்கும்.

இனி மறுபக்கம், யோசிக்காம ஓட வேண்டிய நேரம். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆத்துக்குள்ளயே இருக்கு, வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சா உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க, மூலவர் மட்டும் தண்ணிக்குள்ள இருப்பாரு, வடிஞ்சப்புறம் கழுவிவிட்டு பூஜை நடக்கும். ஆத்தோட சண்டை போடாம, ஆனா அதுக்கு முன்னாலயே முந்திக்கிடுத பழக்கம் அது, தலமுறை தலமுறையா செய்யுதாங்க. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இதுக ரெண்டும் நெறையப் போகுது, தண்ணி தெறக்கப் போறாங்கன்னு சேதி வந்தா பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைக சர்டிபிகேட், மாத்திரை எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைல கட்டி மேல வைங்க, வயசானவங்களயும் மாட்டையும் அன்னைக்கே மேட்டுக்கு மாத்திருங்க. "போன தடவ வாசல் வரைக்கும்தான் வந்துச்சு"ங்குத கணக்கு இந்தத் தடவைக்குச் செல்லாது.

அருவியும் அப்படித்தான். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல பள்ளிக்கூடம் படிக்க 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். நம்ம தலைக்கு மேல வெயில் அடிக்கும், மலைக்கு மேல மழை கொட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி நெறம் செம்மண்ணா மாறுனாலோ, எலையும் குச்சியும் சேந்து வந்தாலோ, எரைச்சல் கூடுனாலோ வெளிய வந்துரணும், சோப்பு டப்பாவ எடுக்கேன் செருப்ப எடுக்கேன்னு திரும்பக்கூடாது. போலீஸ்காரர் விசிலடிச்சா அவரோட வாக்குவாதம் பண்ணாதீங்க.

வயல்ல பாம்பு கடிச்சா ஒடனே 108. கத்தியால கீறுதது, வாய வச்சு உறிஞ்சுதது, கயித்தால இறுக்கிக் கட்டுதது எதுவும் வேண்டாம், மோதிரம் வளையல கழட்டிருங்க, கடிபட்ட கைய கால அசையாம வச்சு, நடக்கவிடாம தூக்கிட்டுப் போங்க, கடிச்ச நேரத்த ஞாபகம் வச்சுக்கோங்க. பாம்பத் தேடி அடிச்சுக் கொண்டு போகணும்னு அவசியம் இல்ல, நம்ம ஊருல அதிகமா ஆளக் கொல்லுத நாலு வகைப் பாம்புக்கும் சேத்து ஒரே மருந்துதான், அரசு ஆஸ்பத்திரில இலவசம். கட்டுவிரியன் கடிச்சா வலியே தெரியாம இருக்கலாம், ராத்திரி தரைல படுத்த ஆளு விடியக்காலைல வயித்து வலி, கண்ணு சொருகுதுன்னு சொன்னா "வாய்வா இருக்கும்"னு கஷாயம் வச்சுக் கொடுத்து நேரத்தக் கழிக்காதீங்க.

பண மோசடில ரெண்டு அவசரமும் ஒரே சம்பவத்துக்குள்ள வரும், அதான் இத தனியாச் சொல்லணும். வீடியோ கால்ல யூனிபார்ம் போட்டுக்கிட்டு "உன்ன டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம், யாருகிட்டயும் சொல்லக்கூடாது, ஒரு மணி நேரத்துல பணம் அனுப்பு"ம்பான். அப்படி ஒரு கைதே நம்ம நாட்டு சட்டத்துல கெடையாது. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லுதான் பாத்தீங்களா, அங்கயே தெரிஞ்சுக்கணும், போன கட் பண்ணிட்டு வீட்ல இருக்கவங்ககிட்ட சத்தமா சொல்லுங்க. ஆனா பணம் போயிருச்சுன்னா அந்த நிமிஷத்துல இருந்து அவசரம் ஒங்களோடது, சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க, பேங்குக்கு சொல்லுங்க, பணம் ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கிட்டு இருக்கும், எம்புட்டு சீக்கிரம் சொல்லுதோமோ அம்புட்டுக்கு முடக்க வாய்ப்பு இருக்கு. வெளிய தெரிஞ்சா கேவலம்னு ரெண்டு நாள் வெசனப்பட்டுக்கிட்டு இருந்தா அந்தப் பணம் திரும்பாது.

தைரியமும் அவசரமும் ஒண்ணுதானேன்னு கேக்கவங்களுக்கு நம்ம ஒட்டப்பிடாரம் வ.உ.சி.ய சொல்லலாம். வெள்ளக்காரன் கப்பலுக்கு எதிரா கப்பல் விடுததுன்னா அதவிட துணிச்சல் என்ன இருக்கு, ஆனா அவரு செஞ்ச விதத்தப் பாருங்க, 1906ல கம்பெனிய முறையா பதிவு பண்ணுனாரு, 25 ரூவா பங்கு 40,000, மொத்தம் 10 லட்சம் மூலதனம்னு திட்டம் போட்டாரு. முதல்ல வாடகைக் கப்பல வச்சு ஓட்டுனாரு, வெள்ளக்காரக் கம்பெனி மெரட்டுனதுல கப்பல் கொடுத்தவன் பின்வாங்கிட்டான், கொழும்புல இருந்து வேற கப்பல வாடகைக்கு எடுத்து சமாளிச்சாரு, அடுத்தவன் கப்பல நம்பி இருக்கவரைக்கும் இந்தக் கதிதான்னு புரிஞ்சதும் காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல சொந்தமா வாங்க வச்சாரு. 1908ல கைதாகி செக்கிழுத்தாரு, கம்பெனியும் நொடிச்சுப் போச்சு, ஆனா அது அவரு யோசிக்காம எறங்குனதால வந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. என்ன எழக்கப்போறோம்னு தெரிஞ்சே அவரு எறங்குனாரு. அந்த மாதிரி துணிச்சல் வேணும்னுதான் நானும் சொல்லுதேன்.

கடைசியா, யோசிக்கேன் யோசிக்கேன்னு காலத்தத் தள்ளுதவங்களுக்கு. களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை போட்டவங்களுக்கு இது நல்லாத் தெரியும், தார் முத்திருச்சு, விலை இன்னும் ரெண்டு ரூவா ஏறட்டும்னு நிப்பாங்க, ஒரு சூறக்காத்துல தோட்டமே சாஞ்சிரும். மாருல ஒரு கட்டி தட்டுப்படுது, பொங்கல் கழியட்டும் பாக்கலாம்னு சொல்லுத அம்மாமாரு, மக காலேஜு சேக்கைக்கு கடைசித் தேதி வரைக்கும் "நல்ல நாள் பாப்போம்"ங்குத அப்பாமாரு, இவங்களும் அவசரக்காரன் மாதிரியே நட்டப்படுதாங்க, சத்தம் இல்லாம நட்டப்படுததால வெளிய தெரியல. அதனால எதையும் தள்ளிப் போடும்போது ஒரு தேதியோட தள்ளிப் போடுங்க. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள வக்கீலு பேப்பரப் பாக்கணும், இல்லன்னா வேண்டாம்னு சொல்லிரணும், திங்கக்கெழமை காலைல பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், மைனியும் கூட வரணும், இப்படி காலண்டர்ல எழுதி அடுப்படி செவத்துல மாட்டி, வீட்ல இன்னொருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க, அந்தத் தேதி வந்ததும் அவுக ஒங்களக் கேக்கட்டும்.